பெயரின் இரண்டாம் பாதி: கத்தோலிக்க இரட்டைப் பெயர்கள் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

ஆட்பெயர்களை மொழியியலாளர் சொல்லாக நோக்குவர். சமயவாதிகள் பக்தியின் வெளிப்பாடாக நோக்குவர். அவை சமூக உறவுகளின் பதிவுகளுமாகும் என்ற உண்மை நம்மிடையே போதிய அழுத்தம் பெறவில்லை. கத்தோலிக்கத் தமிழரிடையே வழங்கும் இரட்டைப் பெயர்கள் இவ்வகையில் தனிக் கவனத்துக்குரியன. பிரான்சிஸ் சேவியர், யூட் ததேயு, பிலிப்பு நேரி, சவரிமுத்து, அந்தோனிப்பிள்ளை என விரியும் இப்பெயர்களில் முதற்பாதி வணக்கத்தைக் காட்டுகிறது. சமூக வரலாறு பெரும்பாலும் இரண்டாம் பாதியிலேயே தங்கியுள்ளது. இக்கருத்தை மட்டக்களப்புப் பிரதேசத்துத் தேற்றாத்தீவிலிருந்து தொடங்கி விளக்க முயல்வோம்.

கடலுக்கும் வாவிக்கும் இடையே, மட்டக்களப்பு - கல்முனை வீதியில் அமைந்தது இவ்வூர். கொம்புச்சந்திப் பிள்ளையார் ஆலயமும் புனித யூதா ததேயு திருத்தலமும் இங்கு உள்ளன. இப்புனிதரின் பெயரே ஓர் இரட்டைப் பெயராகும். மத்தேயு, மாற்கு ஆகியோரின் சுவிசேஷங்கள் தரும் பன்னிருவர் பட்டியலில் ததேயு என்பவர் இடம்பெறுகிறார். லூக்காவின் பட்டியலில் அவர் இல்லை. யாக்கோபுடன் உறவுபடுத்தப்பட்ட யூதா என்பவரே உள்ளார். இருவரும் ஒருவரே என்று திருச்சபை மரபு கொண்டது. யோவானோ இஸ்காரியோத்து அல்லாத யூதா என்று எதிர்மறையாலேயே இவரைச் சுட்டுகிறார்.

இவ்வெதிர்மறை பொருள் பொதிந்தது. மூலக் கிரேக்கத்தில் புனிதருக்கும் இயேசுவைக் காட்டிக்கொடுத்தவனுக்கும் பெயர் ஒன்றே. ஆங்கிலம் அப்பெயரை யூட், யூடாஸ் என இரண்டாகப் பிரித்துச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டது. ஸ்பானியம், போர்த்துக்கேயம், ஜெர்மன் ஆகிய மொழிகளில் அவ்வாறு பிரியாமையால் ததேயு என்ற துணைப்பெயர் இன்றியமையாததாயிற்று. அதாவது, இங்கு இரண்டாம் பெயர் அலங்காரமன்று. களங்கத்திலிருந்து முதற்பெயரைக் காக்கும் வேலியாகும். தமிழில் யூதா, யூதாஸ் என்ற ஈற்று வேறுபாடு இருந்தும், செபங்களில் யூதா ததேயு என்ற முழு வடிவமே நிலைத்தது. ஆயினும் அப்புனிதரின் பெயரால் கிழக்கிலே பிள்ளைகளுக்கு இடப்படும் பெயர் பெரும்பாலும் யூட் என்பதே. செபம் தமிழ் வடிவத்தையும் பிறப்புப் பதிவு ஆங்கில வடிவத்தையும் கொண்டிருப்பது தற்செயலன்று. மட்டக்களப்பில் 1814இல் மெதடிஸ்த மத்திய கல்லூரியும் 1873இல் புனித மிக்கேல் கல்லூரியும் தோன்றின. அவை வளர்த்த ஆங்கிலக் கல்வி அரசாங்க உத்தியோகத்துக்கு வாயிலாயிற்று. அவ்வாயிலில் ஒலிக்க ஏற்ற வடிவத்தையே பெற்றோர் விரும்பினர்.

அடுத்துப் பிரான்சிஸ் சேவியரை நோக்குவோம். 1542இல் கோவாவை வந்தடைந்து, பின்னர் முத்துக்குளித்துறையிற் பணியாற்றிய இவரின் இரண்டாம் பெயர் புனிதப் பெயரன்று. நவார் நாட்டிலிருந்த அவரது குடும்பக் கோட்டையின் பெயர். பாஸ்க் மொழியில் 'புதிய வீடு' என்று பொருள்படும் சொல்லிலிருந்து அது வந்தது. ஐரோப்பிய நிலப்பிரபுத்துவக் குடும்பமொன்றின் உடைமைப் பெயர், 1622இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபின் உலகெங்கும் ஞானஸ்நானப் பெயராயிற்று. தமிழிலே அது சவேரியார் எனவும் சவரி எனவும் திரிந்து, முத்து என்ற நம்மவர் செல்லச்சொல்லைச் சேர்த்துக்கொண்டு சவரிமுத்து ஆயிற்று. கடற்கரை உழைப்பாளர் அப்பெயரைத் தமதாக்கியபோது கோட்டை மறைந்துவிட்டது. மக்கள் பெயரைப் பெறுவோர் மட்டுமல்லர். அதை மீள ஆக்குவோருமாவர் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

இதற்கு மாறான மரபொன்றும் உண்டு. அது பெயரை ஒலியால் அன்றிப் பொருளால் பெயர்ப்பது. சிறியவர் என்று பொருள்படும் பவுல் சின்னப்பர் ஆனார். அலோசியஸ் கொன்சாகா ஞானப்பிரகாசியார் ஆனார். வீரமாமுனிவர் தேம்பாவணியிலே சூசையை வளன் என்று அழைத்தார். இதனைத் தமிழ்த்தொண்டு என்று போற்றும் இலக்கிய வரலாற்றாசிரியர்கள், இத்தமிழாக்கம் எவரை நோக்கியது என வினவுவதில்லை. காப்பிய நடையும் செந்தமிழ்ப் பெயரும் கற்றறிந்த மேற்குடியினரின் ஏற்பைக் கோரியவை. ஞானப்பிரகாசர் என்பது போர்த்துக்கேயர் காலத்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சைவ முனிவர் ஒருவரின் பெயருமாகும். வைத்திலிங்கமாகப் பிறந்து கத்தோலிக்கத் துறவியான நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875 - 1947) தாங்கிய பெயர், இரு சமயத்தாருக்கும் அந்நியமாகாத ஒன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. சேவியர் ஸ்தனிஸ்லாஸ், தனிநாயகம் என்ற பெயரை ஏற்றமை இம்மரபின் பிற்காலத் தேசிய வடிவமாகும்.

மூன்றாவதாக, இரண்டாம் பாதி சாதியின் குறியாக நின்ற நிலையை நோக்குதல் வேண்டும். யாழ்ப்பாணச் சமூகத்திலே ஒடுக்கப்பட்டோர் கந்தையா, கந்தசாமி எனப் பெயரிடத் தடுக்கப்பட்டுக் கந்தன் என்றே நிற்கவேண்டியிருந்தமை நாம் அறிந்ததே. இப்பின்னணியில், குருவானவர் யாவருக்கும் ஒரே புனிதரின் பெயரைச் சூட்டியமை முற்போக்கான செயலே. ஆயினும் உற்பத்தி உறவுகள் மாறாதிருக்கப் பெயர் மட்டும் சமத்துவத்தைத் தந்துவிட முடியாது. ஒருவர் சூசைப்பிள்ளை என விளிக்கப்பட, அதே புனிதரின் பெயரைப் பெற்ற மற்றவர் வெறும் சூசையாகவே நின்றார். பதிவேட்டில் நுழைந்த சமத்துவம் வயலிலும் வாடியிலும் நுழையவில்லை. போடியார் நில உடைமையும் தாய்வழிக் குடிமுறையும் நிலவிய மட்டக்களப்பில், கோயில் உரிமைகளை வகுத்தது குடியே. தாய்வழி வந்த அக்குடிக்குத் தந்தையின் முதலெழுத்தைத் தாங்கிய பதிவுப் பெயரில் இடமிருக்கவில்லை.

இத்தகைய முரண்கள் ஒரே பெயரிற் கூடிநிற்பதுமுண்டு. 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தவர் எஃப். எக்ஸ். சி. நடராசா. எஃப். எக்ஸ். என்பது கத்தோலிக்க வழக்கிலே பிரான்சிஸ் சேவியரைக் குறிக்கும் சுருக்கமாகும். நவார் நாட்டுக் கோட்டையும் தில்லைக் கூத்தனும் ஒரே தலைப்பெழுத்து வரிசையில் அமைகின்றன. இதைக் கலப்பு என்று இகழ்வது எளிது. இப்பிரதேசத்தின் பண்பாட்டு உருவாக்கத்தின் உண்மை வடிவம் என விளங்கிக்கொள்வதே ஆய்வாளர் கடமை.

எனவே இரு தவறான நோக்குகளை நாம் மறுக்கவேண்டியுள்ளது. இப்பெயர்களை அந்நியம் என ஒதுக்கும் தனித்தமிழ் நோக்கு, அவற்றை மக்கள் தமதாக்கிய உழைப்பைக் காணமாட்டாது. குடியேற்றவாதத்தின் முத்திரை என்று மட்டும் கூறும் இயந்திரப்பாங்கான பொருள்முதல்வாதமோ, அப்பெயர்களால் ஒடுக்கப்பட்டோர் கண்ட மதிப்பைக் காணமாட்டாது. கைவிடப்பட்டோரின் காவலர் என யூதா ததேயுவிடம் மக்கள் நேர்ந்து வேண்டுவதும், நேர்ந்து பெற்ற பிள்ளைக்கு அவர் பெயரை இடுவதும் வெறும் மயக்கமல்ல. 1983 முதல் 2009 வரை போரையும், 2004இல் ஆழிப்பேரலையையும் கண்ட கரையிலே, வேறெங்கும் விடை கிடைக்காதோரின் முறையீடு அது. அம்முறையீட்டின் காரணங்களைச் சமூகத்திலே தேடுவது நமது பணி, முறையிடுவோரை எள்ளுவதன்று.

காப்பியப் பெயர்களுக்கு நாம் உரையெழுதியுள்ளோம். பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளோ இலக்கிய மாணவரின் கண்ணில் இன்னும் போதியளவு படவில்லை. எவர் முழுப்பெயரால் அழைக்கப்பட்டார், எவருடைய பெயர் பாதியிலே வெட்டப்பட்டது என்ற வினாவுடன் அவற்றை அணுகுவோமாயின், தமிழ்ச் சமூக வரலாற்றின் எழுதப்படாத அதிகாரம் ஒன்று நமக்குக் கிட்டும்.