வாக்கு உள்ளவர் ஊரில் இல்லை

திருவண்ணாமலையில் அடுக்ககத்தில் வாடகை வீடு தேடுகிறவரிடம் அட்வான்ஸ் எவ்வளவு என்று சொல்வதற்கு முன்பே சில கேள்விகள் வந்துவிடும். சைவமா? குடும்பமா, தனி ஆளா? நாய் உண்டா? பௌர்ணமிக்கு உறவினர்கள் வந்து தங்குவார்களா, எத்தனை பேர்? ரமண நகரிலும் செங்கம் சாலைப் பக்கமும் கிரிவலப் பாதையை ஒட்டிய மனைகளிலும் மாடிக் கட்டடங்கள் பெருகிய பிறகு, இவற்றை வீட்டுக்காரர் தம் விருப்பத்துக்காக மட்டும் கேட்பதில்லை. அவருக்குப் பின்னால் அசோசியேஷன் நிற்கிறது. ஏன் என்று கேட்டால் பைலாவில் இருக்கிறது, போன கூட்டத்தில் முடிவானது, செக்ரட்டரி வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார் என்று பதில் வரும்.

இந்த ஏற்பாட்டைத் திட்டுவது எளிது. ஆனால் சங்கம் இல்லாத அடுக்ககம் எப்படி நடக்கும் என்று யோசித்துப் பார்த்துவிட்டுத் திட்டுவது நல்லது. பத்திரத்தில் ஒருவர் வாங்குவது சுவர்களுக்குள் இருக்கும் வீட்டையும், மண்ணில் ஒரு பிரிபடாத பாகத்தையும். படிக்கட்டு, மொட்டை மாடி, சம்ப், போர்வெல், லிஃப்ட், கழிவுநீர்த் தொட்டி எதற்கும் தனி முதலாளி கிடையாது. எல்லாருக்கும் சொந்தமான மோட்டார் எரிந்து போனால் அதை யார் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போவது?

சட்டம் இதை நீண்ட காலமாகவே அறிந்திருக்கிறது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 1994இல் நிறைவேறியது. ஆனால் பெரும்பாலான சங்கங்கள் அதன் பக்கம் போகாமல், மன்றங்களும் வாசகசாலைகளும் பதிவாகும் அதே 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிந்துகொண்டன. 2016இல் வந்த ரெரா எனும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், பாதிக்கு மேற்பட்ட வீடுகள் முன்பதிவான மூன்று மாதத்துக்குள் வாங்கியவர்களின் சங்கம் உருவாக பில்டர் வழிசெய்ய வேண்டும் என்றது. பழைய மாநிலச் சட்டத்துக்குப் பதிலாக 2022இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஆக, ஓர் அடுக்ககத்தில் வீடு வாங்குகிறவர் சங்கத்தில் சேரலாமா வேண்டாமா என்று யோசிக்கும் கட்டம் கடந்துவிட்டது. சாவியோடு சங்கமும் சேர்ந்தே வருகிறது.

இந்தச் சங்கத்தின் பலத்தைத் திருவண்ணாமலையில் பார்க்க வேண்டுமானால் தண்ணீரில் பார்க்க வேண்டும். ஊர் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. ஊருக்குக் குடிநீர் தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து குழாயில் வருகிறது. போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், கோடையில் அதுவும் இறங்கிவிடும். அப்போது டேங்கர் லாரிதான் கதி. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,45,000 பேர் இருந்த ஊர் இது. கார்த்திகை தீபத்தன்று இங்கே வருகிறவர்களைப் பல லட்சங்களில் எண்ணுகிறார்கள். அந்த நாட்களில் வண்டிகள் ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்களிலேயே நிறுத்தப்படும். கிரிவலப் பாதையில் லாரி நுழைய முடியாது. முந்தின நாளே சம்பை நிரப்பி வைக்க, யார் வீட்டில் எத்தனை விருந்தினர் என்று விசாரிக்க, மோட்டார் போடும் நேரத்தை முறைவைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் செக்ரட்டரி. சம்பளம் இல்லாமல் வசவு மட்டும் வாங்கும் பதவி அது. பெரும்பாலும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியோ பள்ளி ஆசிரியரோ வந்து மாட்டிக்கொள்கிறார்.

கூட்டாகச் செய்தால் மட்டுமே நடக்கும் வேலைகளில் தமிழ்நாட்டுக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. 1989இல் எம்.பி. நிர்மல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்நோரா, தெருவுக்குத் தெரு குடியிருப்போரைச் சேர்த்து, மாதக் கட்டணம் வசூலித்து, வண்டியோடு ஓர் ஆளை அமர்த்திக் குப்பையை வீட்டு வாசலிலேயே வாங்க வைத்தது. அரசும் இந்த வழியை நம்பத் தொடங்கியிருக்கிறது. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளுக்கான ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தில், குடியிருப்போர் நலச்சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு ஈடாக அதே அளவு தொகையை அரசு தருகிறது. ஏழைகளின் அடுக்ககத்திலும் லிஃப்ட் ஓடத் தனியாக ஒரு பணப்பை வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது.

அதே பணப்பைதான் சங்கங்களின் முதல் பலவீனமும். மாத மெயின்டெனன்ஸை ஐந்நூறு உயர்த்தினால் கூட்டத்தில் சண்டை. உயர்த்தாவிட்டால் கட்டடத்துக்குக் கேடு. இதன் கோர முடிவை உலகம் 2021 ஜூன் 24 அன்று அமெரிக்காவில் பார்த்தது. ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடில் பன்னிரண்டு மாடி சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத் கட்டடத்தின் ஒரு பகுதி நள்ளிரவில் சரிந்து 98 பேர் இறந்தார்கள். கான்கிரீட்டில் பெரிய சேதம் இருக்கிறது என்று 2018லேயே பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். செலவை யார் ஏற்பது என்று உரிமையாளர்கள் ஆண்டுக்கணக்கில் இழுபறி செய்தார்கள். நடுவில் நிர்வாகக் குழுவில் பெரும்பாலோர் விலகினார்கள். ஒன்றரைக் கோடி டாலர் வசூலிக்கும் முடிவு கடைசியில் வந்தபோது கட்டடத்துக்குச் சில மாதமே மிச்சமிருந்தது. அங்கே விதி இருந்தது, சட்டம் இருந்தது, வழக்கறிஞர்கள் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் பணம் கேட்கும் துணிச்சல்தான் போதவில்லை. கார்ப்பஸ் ஃபண்டைத் தொடாமல் காத்த பெருமையை ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்ளும் நம் சங்கங்கள் இந்த வழக்கை ஒருமுறை படிப்பது நல்லது.

சுவரைப் பற்றிய முடிவுக்குத் துணியாத சங்கம், சுவருக்குள் நடப்பதைப் பற்றி முடிவெடுக்க மட்டும் தயங்குவதில்லை. நாயை எடுத்துக்கொள்ளலாம். பெரும்பான்மை ஓட்டெடுத்தாலும் வளர்ப்பு விலங்குகளைத் தடைசெய்யச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லேயே சுற்றறிக்கை விட்டது. அப்படிப்பட்ட பைலா செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது. ஆனாலும் ‘நாய் வளர்ப்பவர்களுக்கு வீடு இல்லை’ என்ற வரி விளம்பரங்களிலிருந்து போகவில்லை. ரமணாசிரமத்துக்குள் பசு லட்சுமிக்கும், மான் வள்ளிக்கும், காக்கைக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும் வரிசையாகச் சமாதி இருக்கிறது. அவற்றைக் கும்பிட்டுவிட்டு வந்துதான் இந்த வரியை எழுதுகிறார்கள்.

உணவு இன்னும் சிக்கல். சைவக் கட்டுப்பாட்டை மேம்போக்காக ஒதுக்கிவிட முடியாது. ஆசிரம வாழ்வுக்காகவே வேலையை விட்டு வந்தவர்கள் இங்கே உண்டு. மீன் வறுக்கும் வாசனை தங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது என்று அவர்கள் விரும்புவதில் பொய் இல்லை. வாங்கும்போதே எல்லாரும் தெரிந்து கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்றால் அதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. அகமதாபாத் பார்சி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தன் சமூகத்தாருக்கு மட்டும் உறுப்பினர் உரிமை தரலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதும் ஏறக்குறைய இந்த அடிப்படையில்தான். ஆனால் விற்று முடித்து, குடிவந்து, பத்து ஆண்டு கழித்து ஒரு கூட்டத்தில் கையை உயர்த்திச் சேர்க்கும் சைவ விதி வேறு வகை. தமிழ்நாட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்ற கேள்வியில் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அமெரிக்காவில் கறுப்பருக்கு வீடு விற்கக் கூடாது என்ற குடியிருப்பு ஒப்பந்தங்கள் வெளிப்படையாகவே எழுதப்பட்டன. நீதிமன்றங்கள் அவற்றை அமல்படுத்தக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் தடுத்தது. எழுதப்படாத ஒப்பந்தத்தை எந்த நீதிமன்றத்தில் தடுப்பது?

விதியோடு வாழ்வதும் விதிக்கு வெளியே போய் வாழ்வதும் இந்த ஊருக்குப் புதிதல்ல. ரமணர் இருந்த காலத்திலேயே ஆசிரம நிர்வாகத்தை அவர் தம்பி நிரஞ்சனானந்த சுவாமி சர்வாதிகாரி என்ற பொறுப்பில் கண்டிப்பாக நடத்தினார். இருட்டிய பின் பெண்கள் ஆசிரமத்துக்குள் தங்கக் கூடாது என்பது அன்றைய விதிகளில் ஒன்று. அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் சாப்பாட்டுக் கூடமும் கோயிலும் எழுந்திருக்குமா என்பது சந்தேகம். அதே சமயம், ஆசிரமத்துக்கு மேற்கே ஒட்டியிருந்த பலாக்கொத்தில் பல அடியவர்கள் தனிக் குடில் போட்டுத் தாமே சமைத்து வாழ்ந்தார்கள். ஆசிரமக் கட்டட வேலைகளை முன்னின்று பார்த்த அண்ணாமலை சுவாமியும் 1938இல் அங்கேதான் போனார். விதி பிடிக்காதவருக்கு நாலடி தள்ளி இடம் இருந்தது. இன்றைய அடுக்ககத்தில் வங்கிக் கடனோடு வீடு வாங்கியவருக்கு அப்படி ஒரு பலாக்கொத்து கிடையாது.

இவையெல்லாம் சென்னை வேளச்சேரியிலும் கோவையிலும் கேட்கக்கூடிய குறைகள்தான். திருவண்ணாமலைக்கே உரிய கோணல் வேறு. இங்கே கணிசமான வீடுகளின் சொந்தக்காரர்கள் சென்னையில், பெங்களூரில், ஹைதராபாத்தில், கடல் கடந்தும் இருக்கிறார்கள். பௌர்ணமிக்கு ஓர் இரவு, தீபத்துக்கு நான்கு நாள், ஓய்வுபெற்ற பிறகு நிரந்தரமாக என்பது திட்டம். மற்ற நாட்களில் வீடு பூட்டிக் கிடக்கும், அல்லது வாடகைக்குப் போகும். வாடகைக்கு இருப்பவர்களில் உள்ளூர் ஆசிரியர்களும் மருத்துவமனை ஊழியர்களும் இருக்கிறார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வெளிநாட்டவர் கூட்டம் சேரும். சுற்றுலா விசாவில் வரும் வெளிநாட்டவர் இங்கே வீடு வாங்க அன்னியச் செலாவணிச் சட்டம் இடம் தராது. பதினைந்து ஆண்டு வந்துபோனாலும் அவர் வாடகைதாரர்தான். சங்கத்தில் ஓட்டு உரிமையாளருக்கு. வாக்கு உள்ளவர் ஊரில் இல்லை. ஊரில் உள்ளவருக்கு வாக்கு இல்லை. இரவு பத்துக்கு மேல் கேட் திறக்காது என்ற விதியை ஹைதராபாத் ஜூபிலி ஹில்ஸில் இருந்துகொண்டு ஒருவர் வாட்ஸ்அப்பில் ஆமோதிக்கிறார். இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் நர்ஸ் வாட்ச்மேனை எழுப்பிக் கெஞ்சுகிறார்.

பௌர்ணமி வாடகை விஷயத்தில் இந்தப் பிளவு நேரடியாகத் தெரியும். அண்மை ஆண்டுகளில் ஆந்திர, தெலங்கானா பக்தர்கள் பெருகியதால் ஒரு நாள் வாடகை ஏறிவிட்டது. ஊரில் இல்லாத உரிமையாளருக்கு அது வருமானம். பக்கத்து வீட்டில் வசிப்பவருக்கு முன்பின் தெரியாத பன்னிரண்டு பேர், நிரம்பிய பார்க்கிங், காலியான சம்ப். நாள் வாடகையைத் தடைசெய்யும் சங்கம் பெரும்பாலும் சரியான பக்கத்தில்தான் நிற்கிறது. விருந்தினர் பதிவேடும் அப்படியே. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் உரிய படிவம் வழியாகத் தெரிவிக்க வேண்டும் என்பது அரசு விதி. செக்ரட்டரி பாஸ்போர்ட் நகல் கேட்பது வம்புக்கு என்று நினைத்துக் கோபிப்பதில் பொருளில்லை. ஆனால் அதே பதிவேட்டில் ‘தனியாக இருக்கும் பெண் வீட்டுக்கு வந்த ஆண்’ என்று குறித்து வைப்பதை எந்த அரசு விதியும் கேட்கவில்லை. செலவையும் தண்ணீரையும் பாதுகாப்பையும் தொடும் விதிக்கு ஒரு கணக்கு காட்ட முடியும். அப்படிக் காட்ட முடியாத விதிகள் பெரும்பாலும் யாரோ ஒருவரின் முகச்சுளிப்பிலிருந்து பிறந்தவை.

அடுக்ககங்களைத் தாண்டி, மனைப்பிரிவுச் சங்கங்கள் கேட் போடும் வழக்கத்திலும் ஒரு குறை உண்டு. பலர் அதைக் குறையாகவே எண்ணுவதில்லை. லேஅவுட் அனுமதி பெறும்போது சாலையும் பூங்கா இடமும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்படுகின்றன. அதன் பிறகு அது ஊரின் சாலை. அதில் தடுப்புக் கட்டை வைத்து ‘அன்னியர் நுழையக் கூடாது’ என்று எழுத எந்தச் சங்கத்துக்கும் உரிமை இல்லை.

கேட்டுக்கு வெளியே இருப்பதுதான் இந்த ஊரின் பெரிய பாடு. 2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் வீடுகள்மேல் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மலையிலிருந்து இறங்கும் வெள்ளத்துக்கு எந்த வளாகத்தின் பைலாவும் தெரியாது. ஓடையை மறிக்கும் சுவர் யாருடையது, சமுத்திரம் ஏரிக்குப் போகும் தண்ணீர் எங்கே திரும்புகிறது என்பவற்றைத் தனித்தனி வளாகங்கள் தீர்த்துக்கொள்ள முடியாது. உள்ளே சுத்தமாக இருந்தால் போதும் என்ற மனநிலையைச் சங்கங்கள் வளர்க்கின்றன என்பது அவற்றின்மேல் வைக்கப்படும் கடுமையான குற்றச்சாட்டு; அது பெருமளவு உண்மையும்கூட. மலையில் மரம் நடுவதையும் கோடைத் தீயை அணைப்பதையும் செய்துவரும் ‘தி ஃபாரஸ்ட் வே’ போன்ற அமைப்பில் சேர யாரும் பத்திரம் காட்ட வேண்டியதில்லை. வாடகைதாரரும் வெளிநாட்டவரும் பள்ளிப் பிள்ளைகளும் அங்கே ஒரே வரிசையில் நிற்க முடிகிறது.

மீண்டும் வாக்குக்கே வருவோம். 2022ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் பாதி மட்டுமே பேசப்படும் ஒரு பிரிவு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்பது. சென்னையில் இதை வரவேற்றார்கள். ஒரே ஒருவர் முரண்டு பிடித்து எல்லாரையும் விரிசல் விட்ட கூரையின் கீழ் வைத்திருப்பது இனி நடக்காது. இங்கே அந்த மூன்றில் இரண்டு பங்கினர் அந்த வீட்டில் ஒரு மழைக்காலமாவது இருந்தவர்களா என்ற கேள்வி சேர்ந்துவிடுகிறது. சங்கங்கள் தாமாகவே செய்துகொள்ளக்கூடிய திருத்தங்கள் சில உண்டு. ஓராண்டுக்கு மேல் குடியிருக்கும் வாடகைதாரர்களிலிருந்து ஒருவரை, ஓட்டு இல்லாவிட்டாலும், குழுவில் உட்கார வைக்கலாம். கேட் நேரம், தண்ணீர், குப்பை ஆகிய மூன்றிலாவது குடியிருப்பவர் சொல்லைக் கேட்காமல் விதி போடுவதில்லை என்று எழுதிக்கொள்ளலாம். பொதுக்குழுவை ஆனியிலோ ஆடியிலோ ஒரு பௌர்ணமியை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை வைத்தால் வெளியூர் உரிமையாளர்கள் நேரில் வருவார்கள், குறைந்தபட்ச வருகை எண்ணிக்கையும் சேரும். பிராக்ஸி கடிதத்தோடு ஒருவரே ஒன்பது ஓட்டுப் போடும் காட்சியும் குறையும்.