குகையை இழந்த டிராகன்கள்: புதிய ‘மான்ஸ்டர் மேனுவல்’ நூலும் ரசிகர்களின் எதிர்பார்ப்பும்

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, பேச்சாலேயே ஒரு கற்பனை உலகைக் கட்டி எழுப்பி விளையாடும் பாத்திர ஆட்டங்களுக்கெல்லாம் முன்னோடி, 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அந்த ஆட்டத்தில் வீரர்கள் எதிர்கொள்ளும் பூதங்கள், டிராகன்கள், பேய்கள், விசித்திர விலங்குகள் ஆகியவற்றைத் தொகுத்துத் தரும் ‘மான்ஸ்டர் மேனுவல்’ நூலின் புதிய பதிப்பு 2025 பிப்ரவரியில் கடைகளுக்கு வந்தது. 384 பக்கங்கள், 500-க்கும் மேற்பட்ட உயிர்கள், 49.99 டாலர் விலை என்ற விவரங்களை ரசிகர்கள் நூல் வருமுன்பே அறிந்திருந்தார்கள் என்பதால் அவற்றை இங்கே விரிக்கத் தேவையில்லை. வாரக்கணக்கில் இந்நூலை ஆட்ட மேசையில் விரித்து வைத்துப் பழகிய பிறகு எழும் கேள்வி வேறு: இதிலுள்ள பூதங்கள் எங்கே குடியிருக்கின்றன?

நூலுக்கு உரிய பாராட்டை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு பூதத்தின் வலிமை, வேகம், தாக்குதல், அடிதாங்கும் திறன் ஆகியவற்றை எண்களாகச் சுருக்கித் தரும் கட்டத்தை ஆட்டக்காரர்கள் ‘ஸ்டாட் பிளாக்’ என்பார்கள். 2014 பதிப்போடு ஒப்பிட்டால் அந்தக் கட்டம் இப்போது கண்ணுக்கும் கைக்கும் மிக எளிதாகிவிட்டது. சண்டையில் யார் முதலில் இயங்குவது என்பதைத் தீர்மானிக்கும் ‘இனிஷியேட்டிவ்’ எண் கட்டத்திலேயே அச்சாகியிருப்பதால், கதையை நடத்திச் செல்லும் ‘டன்ஜன் மாஸ்டர்’ பரபரப்பான நேரத்தில் மனக்கணக்குப் போட வேண்டியதில்லை. ஓநாய் கடித்தால் கடிபட்டவர் கீழே விழுகிறாரா என்பதை அறிய முன்பு இன்னொரு முறை பகடை உருட்ட வேண்டியிருந்தது. இப்போது, கடிபட்டவர் பெரிய உருவம் கொண்டவராக இல்லாவிட்டால், கடித்த மாத்திரத்தில் விழுந்துவிடுகிறார். ஓநாய்க் கூட்டம் ஒன்று வீரர்களைச் சூழும்போது இத்தகைய சிறு சிக்கனங்கள் சேர்ந்து ஆட்டத்தின் வேகத்தையே மாற்றிவிடுகின்றன. உச்சநிலையை எட்டிய வீரர்களுக்கு ஈடுகொடுக்கும் பூதங்கள் போதவில்லை என்ற பழைய குறையையும், சூனியக்காரிகளுக்கெல்லாம் தலைவியான ‘ஆர்ச்-ஹேக்’, நடமாடும் பெருஞ்சிலையான ‘கொலோசஸ்’ போன்ற புதுவரவுகள் பெருமளவு தீர்த்திருக்கின்றன. சண்டைக் கருவி என்ற அளவில் இது மிகச் சிறந்த நூல் என்பதில் ஐயமில்லை.

குறை தொடங்குவது டிராகனின் குகையில். 2014 பதிப்பில், பெருவலிமை படைத்த பூதம் ஒன்றை அதன் இருப்பிடத்திலேயே எதிர்கொண்டால் ‘லேர் ஆக்‌ஷன்’ என்ற விதி செயல்பாட்டுக்கு வரும். ‘லேர்’ என்பது பூதத்தின் உறைவிடம். ஒவ்வொரு சுற்றிலும் இனிஷியேட்டிவ் வரிசை 20 என்ற எண்ணை எட்டும்போது, பூதத்தின் முறைக்குக் காத்திராமல், அந்த உறைவிடமே வீரர்கள்மீது பாயும். கறுப்பு டிராகனின் சதுப்புக் குகையில் தேங்கிக் கிடந்த நீர் பொங்கிவந்து, கரையில் நிற்பவரைத் தள்ளிச் சாய்த்து உள்ளே இழுக்கும். சிவப்பு டிராகனின் குகையில் தரை அதிரும், நெருப்புக் குழம்பு பீறிடும், எரிமலை வாயு மூச்சை அடைக்கும். இந்த விதியின் பயன் கூடுதல் சேதத்தோடு நின்றுவிடவில்லை. நீரின் அருகில் நிற்கக் கூடாது என்பதை வீரர்கள் முதல் சுற்றிலேயே கற்றுக்கொள்வார்கள். எங்கே நிற்பது, டிராகனை எப்படி வெளியே இழுப்பது, குளத்தை முன்கூட்டியே வற்றச் செய்ய வழி உண்டா என்றெல்லாம் அவர்களின் பேச்சு நீளும். அந்தப் பேச்சுதான் இந்த ஆட்டத்தின் உயிர்.

புதிய பதிப்பில் இந்த விதி இல்லை. அதற்கு ஈடாக, பிறர் முறைகளுக்கு இடையே பூதம் செய்யக்கூடிய ‘லெஜண்டரி ஆக்‌ஷன்’ என்ற சிறப்புச் செயல்களின் எண்ணிக்கை, உறைவிடத்தில் இருக்கும்போது மூன்றிலிருந்து நான்காக உயர்கிறது. கறுப்பு டிராகனின் குகையில் முன்பு மொய்த்த பூச்சிக் கூட்டம் இப்போது டிராகனின் சொந்தத் தாக்குதலாக மாறி, அது போகுமிடமெல்லாம் கூடவே வருகிறது. பொங்கிய குளத்து நீரோ காணாமற்போய்விட்டது. இந்த மாற்றத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. 20 என்ற எண் வரும்போது உறைவிடத்தை இயக்க மறந்துபோவது டன்ஜன் மாஸ்டர்களிடையே வழக்கமான தவறு. தவிரவும், குகைக்கு வெளியே வானில் எதிர்ப்படும் டிராகன் முன்பு சற்றுச் சப்பென்று இருந்தது, இப்போது அப்படி இல்லை. எனினும், எந்தக் குகையில் இருந்தாலும் ஒரேயொரு கூடுதல் செயல் மட்டுமே கிடைக்கும் என்றாகிவிட்டபோது, சதுப்பும் எரிமலையும் விதியின் கண்ணில் ஒன்றாகிவிட்டன. டிராகன் வாழும் வட்டாரத்தில் தென்படும் மாற்றங்களை நூல் இன்னமும் பட்டியலிடுகிறது என்றாலும், அவை வழிப்பயணத்துக்கு உதவுபவை. வாள் உருவப்பட்ட பிறகு அவற்றுக்கு வேலை அதிகம் இல்லை.

இது ஒரு விதியின் இழப்பு மட்டுமாக இருந்தால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. பூதத்துக்கு வீடு உண்டு என்ற எண்ணம் இந்த ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்தே வேரூன்றியது. ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகேக்ஸ் எழுதி 1977-இல் வெளிவந்த முதல் ‘மான்ஸ்டர் மேனுவல்’ வெறும் 112 பக்கங்கள் கொண்டது. அதில் ஒவ்வொரு பூதத்துக்கும் தரப்பட்ட எண்களில் ஒன்று, அது தன் உறைவிடத்தில் இருப்பதற்கான நூற்றுவீதம். பன்றிமுகப் போர்க்குடியினரான ஓர்க்குகள் 30 முதல் 300 பேர் வரை திரண்டு வருவார்கள், வீட்டில் இருப்பதற்கான வாய்ப்பு 35 விழுக்காடு என்று அந்த நூல் சொல்லும். வீட்டில் இருந்தால் தலைவன், காவலர், பெண்கள், குழந்தைகள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துச் சொல்லும். வறண்ட எண்கள்தாம், ஆனால் 35 விழுக்காடு வீட்டில் என்றால் மீதி நேரம் அவர்கள் வேறெங்கோ ஏதோ ஒரு காரியமாகப் போயிருக்கிறார்கள் என்று பொருள், அந்தக் காரியம் என்ன என்று யோசிக்கத் தொடங்கும் டன்ஜன் மாஸ்டருக்கு அன்றைய மாலையின் கதை கிடைத்துவிடும்.

இந்த ஆட்டத்துக்கென வெளிவந்த ‘டிராகன்’ இதழ் 1983 ஏப்ரலில் ‘பியர்சர்’ என்ற அற்ப உயிரின் வாழ்வியலைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது. குகைக் கூரையிலிருந்து கல்விழுது போலத் தொங்கி, கீழே நடப்பவர்மேல் விழுவதைத் தவிர வேறு தொழிலில்லாத உயிர் அது. அதற்கே ஒரு வாழ்க்கை முறை எழுதப்பட்டது கண்டு உற்சாகமடைந்த வாசகர்களுக்காக, ஒன்றன்பின் ஒன்றாகப் பல பூதங்களின் வாழ்வியல் கட்டுரைகள் அந்த இதழில் தொடர்ந்தன. 1989-இல் இரண்டாம் பதிப்பின் பூதநூல், வளையக் கோப்பில் கோத்து வைக்கும் தனித்தாள்களாக வந்தபோது, பூதத்துக்கு ஒரு முழுப் பக்கம் என்ற அமைப்பே எழுத்தாளர்களை உணவு, உறங்கும் நேரம், கூட்டமைப்பு, வாழிடம் ஆகியவற்றைப் பற்றி எழுதவைத்தது.

2014 பதிப்பு அந்த மரபின் கடைசி வாரிசு என்றே தோன்றுகிறது. அதில் காப்லின் என்ற குட்டிப் பூதங்களைப் பற்றிய பகுதியைப் படிப்பவர், அவற்றின் வளைகளில் அந்நியர் நுழைந்தால் ஒலிக்கும் எச்சரிக்கைப் பொறிகள் இருக்கும், மனித உடல் நுழைய முடியாத குறுகிய சுரங்கங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் என்பதைத் தெரிந்துகொள்வார். அந்த இரண்டு செய்திகளை வைத்துக்கொண்டு ஒரு சண்டையை மட்டுமல்ல, ஒரு முற்றுகையையே நடத்திவிடலாம். புதிய பதிப்பில் காப்லின்களுக்கு நான்கு வகைக் கட்டங்கள் கிடைத்துள்ளன, உரைநடையோ சுருங்கிவிட்டது. ‘வாழிடம்’ என்று ஒரு வரி, ‘புதையல்’ என்று ஒரு வரி, பகடை உருட்டித் தேர்ந்தெடுக்க ஒரு குறும்பட்டியல் என்ற வாய்பாடு நூல் முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. ஓவியங்கள் மட்டும் இதற்கு விலக்கு: வெற்றுத் தாளில் நின்றிருந்த பூதங்கள் பல, இப்போது தம் காட்டிலும் பனியிலும் பாழ்மண்டபத்திலும் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கும் நிலையில் வரையப்பட்டுள்ளன. ஓவியர் தந்த வீட்டை எழுத்தும் தந்திருக்கலாம்.

வரிசைமுறையும் இதே நோயின் இன்னோர் அறிகுறி. முன்பு அரக்க உருவினரான ஜயண்ட்கள் அனைவரும் ஒரே பகுதியில், புயல் ஜயண்ட் மேலே, குன்று ஜயண்ட் கடைசியில் என்ற தங்கள் சாதிப்படிநிலையோடு குடும்பமாக இருந்தார்கள். இப்போது ஆங்கில அகரவரிசை அவர்களை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துவிட்டது. வேண்டிய பக்கத்தை விரைவாகப் புரட்ட இது உதவுகிறது என்பது உண்மை. ஆனால் ஒரு ஜயண்ட்டைத் தேடி வந்தவர் அடுத்த பக்கத்தில் அதன் பகையாளியையோ எசமானையோ தற்செயலாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு போய்விட்டது. பின்னிணைப்பிலுள்ள பட்டியல்கள் வகைவாரியாகப் பெயர்களைத் தருகின்றன, உறவைத் தருவதில்லை.

ஓர்க்குகள் அடியோடு நீங்கிவிட்டார்கள் என்பது ரசிகர்களிடையே மிகுதியாக வாதிக்கப்பட்ட செய்தி. 2024-இல் வந்த, வீரர்களுக்கான விதிநூலில் ஓர்க்கு, வீரர்களே தேர்ந்தெடுக்கக்கூடிய குலமாகிவிட்டதால், ஒரு குலத்தையே வெட்டத்தக்க எதிரியாக அச்சிடக் கூடாது என்ற எண்ணம் இதன் பின்னால் இருக்கிறது. அந்த எண்ணம் சரியானது, வரவேற்கத்தக்கது. குறை அடுத்த அடியில்தான். பழைய கட்டத்துக்குப் பதிலாக எந்தக் கட்டத்தைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் மாற்று அட்டவணை இருக்கிறது. ஓர்க்குகள் எப்படிப்பட்ட ஊர்களில் வாழ்கிறார்கள், எதற்காகப் போரிடுகிறார்கள், எதற்காகச் சமாதானம் பேசுவார்கள் என்பதை இந்நூல் சொல்வதில்லை. ஒரு குலத்தைப் பகைவர் பட்டியலிலிருந்து விடுவிப்பவர்கள் அதற்கு ஓர் ஊரையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் விடுதலை முழுமையாகியிருக்கும்.

தமிழ் வாசகர் இந்நூலில் தயங்கி நிற்கக்கூடிய பக்கம் ஒன்று உண்டு. புலித்தலையும், உள்ளங்கை பின்புறமாகத் திரும்பிய கைகளுமாக ‘ராக்‌ஷசன்’ 1970-கள் முதலே இந்த ஆட்டத்தில் இருக்கிறான். ‘கோல்சாக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 1974-இல் ஒளிபரப்பான ஒரு பகுதிதான் கைகேக்ஸுக்குத் தூண்டுதல் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மந்திரித்த அம்பு பட்டால் இறப்பான் என்ற பழைய விதி அதையே காட்டுகிறது. இராமகாதையில் அரக்கர்களுக்குக் கடல் சூழ்ந்த நகரம் உண்டு, அரசவை உண்டு, அண்ணனோடு முரண்பட்டு வெளியேறும் தம்பி உண்டு, மாண்டவனுக்காக அழும் மனைவி உண்டு. அந்த நகரத்தை அறிந்தவருக்கு, சுற்றமும் ஊரும் இல்லாத தனியனாக இங்கே நிற்கும் ராக்‌ஷசன் எவ்வளவு வறியவன் என்பது உடனே விளங்கும்.

புதிய பூதநூல்களிடம் ரசிகர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதற்கு நல்ல சான்று 2016-இல் வந்த ‘வோலோஸ் கைடு டு மான்ஸ்டர்ஸ்’. அதன் முதல் அத்தியாயம் ஒன்பது பூத இனங்களின் வாழ்வை மட்டுமே பேசியது. பல கண்கள் கொண்ட மிதக்கும் கோளமான ‘பிஹோல்டர்’ தன் கண்ணிலிருந்து பாயும் சிதைக்கும் கதிரால் பாறையைக் குடைந்து வீடு கட்டுகிறது. மிதக்கும் உயிருக்குப் படிக்கட்டு தேவையில்லை என்பதால் அதன் அறைகளைச் செங்குத்தான குழாய்கள் இணைக்கின்றன. நடந்து வரும் வீரர்கள் அங்கே கயிறில்லாமல் ஓரடி எடுத்துவைக்க முடியாது. ஓர் உடலமைப்பிலிருந்து ஒரு வீடும், அந்த வீட்டிலிருந்து ஓர் இரவின் ஆட்டமும் பிறக்கும் விதம் இதுதான். 2022-இல் அந்த நூலின் பூதக் கட்டங்கள் திருத்தப்பட்டு ‘மான்ஸ்டர்ஸ் ஆஃப் தி மல்ட்டிவெர்ஸ்’ என்ற தொகுப்புக்குள் போனபோது, இந்த அத்தியாயம் கூடவே போகவில்லை. பழைய நூலின் மின்பதிப்பு விற்பனையும் ‘டி அண்ட் டி பியாண்ட்’ தளத்தில் நிறுத்தப்பட்டது.

நம்பிக்கைக்கும் முன்னுதாரணம் உண்டு. 2008-இல் வந்த நான்காம் பதிப்பின் பூதநூலும் இதுபோலவே கட்டங்களால் நிறைந்து உரைநடையில் மெலிந்திருந்தது, அதே குறை சொல்லப்பட்டது. 2010-இல் ‘மான்ஸ்டர் வால்ட்’ பழைய பூதங்களையே விரிவான வாழ்க்கைக் குறிப்புகளோடு மீண்டும் தந்தது, 2011-இல் அதன் தொடர்ச்சி நெந்திர் வேல் என்ற ஒரேயொரு பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டு, அங்கே திரியும் கூட்டங்களைப் பெயரும் பகையும் சொல்லி எழுதியது. எண்ணிக்கையைக் குறைத்து இடத்தைக் கூட்டிய அந்த முறையே இன்றைக்கும் தேவை. பிற பதிப்பகங்களும் சும்மா இருக்கவில்லை. எம்சிடிஎம் நிறுவனத்தின் ‘ஃப்ளீ, மார்ட்டல்ஸ்!’ 2023-இல், ஒவ்வொரு தலைமைப் பூதத்துக்கும் சண்டையின் போக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படும் மூன்று சிறப்புச் செயல்களை வகுத்து, சண்டைக்கே கதையின் ஏற்ற இறக்கத்தைத் தந்தது. ஆயிரம் புதிய பூதங்களைக் கேட்கும் ரசிகர் இன்று அரிது; இருக்கும் பூதங்களில் ஐம்பதுக்கு ஊரும் உறவும் வரைபடமும் தரும் நூலே அடுத்து வர வேண்டியது.

அதுவரை, சண்டை மிகுந்த ஆட்டம் நடத்துபவர்கள் 2025 பதிப்பைத் தயங்காமல் வாங்கலாம். 2014 பதிப்பை வைத்திருப்பவர்கள் அதை விற்றுவிட வேண்டாம்: புதிய கட்டத்திலிருக்கும் நான்காவது லெஜண்டரி ஆக்‌ஷனை நீக்கிவிட்டு, பழைய நூலின் லேர் ஆக்‌ஷனை 20 என்ற எண்ணில் வைத்து ஆடினால், கறுப்பு டிராகனின் குளத்து நீர் மீண்டும் பொங்கும், ஆட்டத்தின் சமநிலையும் பெரிதாகக் கெடாது.