இழப்பின் எடை

நூறு ரூபாயைத் தொலைத்த நாளில் நெஞ்சில் தங்கும் வருத்தத்தை, எதிர்பாராமல் நூறு ரூபாய் கிடைத்த நாளின் மகிழ்ச்சி ஈடு செய்வதில்லை. இது யாவரும் அறிந்த அனுபவம். அறிந்ததையே அளந்து பார்க்கத் துணிந்த உளவியலார் இருவர் இருந்தனர்: டேனியல் கானமன், அமாஸ் ட்வெர்ஸ்கி. மனிதர் முடிவெடுக்கும் வகையைக் கணித வாய்பாட்டில் அடக்க அவர்கள் மேற்கொண்ட முயற்சியைப் பொதுவாசகர்க்கு எடுத்துரைக்கும் நூல், கானமன் 2011இல் வெளியிட்ட 'திங்கிங், ஃபாஸ்ட் அண்டு ஸ்லோ'. ட்வெர்ஸ்கி 1996இல் மறைந்தார். எனவே 2002இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு கானமனை அடைந்தபோது நண்பர் உடனில்லை. நூலை அந்த நண்பரின் நினைவுக்கே அவர் படைத்தார். கானமனும் 2024இல் மறைந்துவிட்ட நிலையில், நூலின் நிறையும் குறையும் முன்னினும் தெளிவாகத் தெரிகின்றன.

1738இல் டேனியல் பெர்னூலி என்னும் கணித மேதை, மனிதன் பணத்தின் தொகையை அன்று, அது தனக்குத் தரும் பயனையே எடைபோடுகிறான் என்று காட்டினார். அக்கருத்து இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கோலோச்சியது. கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் அதை அசைத்தனர். அவர்கள் கேட்ட கேள்வி எளியது. உறுதியாகக் கிடைக்கும் 3000 இஸ்ரேல் பவுண்டு வேண்டுமா, அல்லது 100க்கு 80 வாய்ப்புள்ள 4000 வேண்டுமா? கணக்குப்படி பின்னதன் சராசரி மதிப்பு 3200. எனினும் 100க்கு 80 பேர் உறுதியான 3000ஐயே விரும்பினர். அதே தொகைகளை இழப்பாக மாற்றிக் கேட்டபோது 100க்கு 92 பேர், உறுதியாக 3000 இழப்பதை விட்டு, 4000 இழக்கும் அபாயத்தையே தேர்ந்தனர். பெறும்போது அஞ்சுபவன் இழக்கும்போது துணிகிறான். மனிதன் தன் மொத்தச் செல்வத்தை நோக்கி முடிவெடுப்பதில்லை. தான் நிற்கும் இடத்திலிருந்து ஏற்றமா இறக்கமா என்றே பார்க்கிறான் என்பது இதனால் புலனாயிற்று.

1992இல் இவ்விருவரும் வாய்பாட்டுக்கு எண்ணும் தந்தனர். இழப்பின் எடை, அதே அளவுப் பேற்றின் எடையைப்போல் ஏறத்தாழ 2.25 மடங்கு. இவ்வெண் 25 பட்டமேற்படிப்பு மாணவர்களின் விடைகளிலிருந்து பெறப்பட்டது என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆயினும் 1979ஆம் ஆண்டின் ஆய்வை 19 நாடுகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் மீண்டும் நடத்தி, 2020இல் முடிவுகளை வெளியிட்டபோது, பெரும்பாலான போக்குகள் அப்படியே நின்றன.

நூலின் தலையாய சிறப்பு அதன் நடையில் உள்ளது. ஆசிரியர் முதலில் வாசகனிடமே கேள்வியைக் கேட்கிறார். அவன் தவறான பின்னரே விளக்குகிறார். பிறர் மடமையைக் கண்டு நகைக்க வந்தவன் தன் மடமையைக் கண்டு நாணுகிறான். இவ்வகை நேர்மை அறிவியல் நூல்களில் அரிது.

எனினும் குறையும் இந்த நேர்மையின் அருகிலேயே இருக்கிறது. நான்காம் இயலில், முதுமையைக் குறிக்கும் சொற்களைப் படித்த மாணவர் மெதுவாக நடந்தனர் என்பது போன்ற ஆய்வுகளை, நம்பாமல் இருக்க இடமேயில்லை என்னும் தொனியில் அவர் எழுதினார். அடுத்த ஆண்டே அந்த ஆய்வைத் திரும்பச் செய்தவர்களுக்கு அம்முடிவு கிட்டவில்லை. சிறிய குழுக்களை நம்பி முடிவு கூறலாகாது என்று 1971இல் ட்வெர்ஸ்கியோடு சேர்ந்து எச்சரித்தவர் இவரே! அந்த எச்சரிக்கையைத் தாமே மறந்ததை 2017இல் கானமன் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தவற்றை அறிந்தவனும் தவற்றினின்று தப்புவதில்லை என்ற அவரது கொள்கைக்கு அவரே சான்றானார். அந்த ஒப்புதலால் அவர்மீது நம் மதிப்புக் குறையவில்லை. நூலின்மீது எச்சரிக்கை மட்டும் கூடுகிறது.

இனி, ஆழமான வினாவுக்கு வருவோம். 1981இல் வெளிவந்த ஆய்வில் ஒரு கற்பனை நோய் 600 பேரைக் கொல்லவிருக்கிறது. முதல் திட்டத்தில் 200 பேர் காப்பாற்றப்படுவர். இரண்டாவதில் எல்லாரும் பிழைக்க மூன்றில் ஒரு வாய்ப்பும், ஒருவரும் பிழைக்காதிருக்க மூன்றில் இரு வாய்ப்பும் உண்டு. 100க்கு 72 பேர் முதலாவதைத் தேர்ந்தனர். அதே திட்டத்தை '400 பேர் இறப்பர்' என்று மாற்றிச் சொன்னபோது அதை ஏற்றவர் 22 பேரே. உயிர்கள் மாறவில்லை, வாக்கியம் மட்டுமே மாறியது. நம் அறவுணர்வு உண்மையைப் பற்றி நிற்கவில்லை, உண்மையைச் சொல்லும் விதத்தையே பற்றி நிற்கிறது என்று கானமன் முடிக்கிறார்.

இங்கேதான் நாம் அவரோடு சற்று மாறுபட வேண்டியுள்ளது. '200 பேர் காப்பாற்றப்படுவர்' என்னும் வாக்கியம் மற்ற 400 பேரைப் பற்றி வாய் திறப்பதில்லை. கேட்பவர் அந்த மௌனத்தைத் தம் நம்பிக்கையால் நிரப்பிக்கொள்கிறார். பிழை கேட்பவரின் மனத்தில் மட்டுமா? சொல்பவரின் சொல்லிலும் அதற்குப் பங்கு உண்டு அல்லவா? வாய்பாடு தேர்ந்தெடுப்பவனை அளக்கிறது. தேர்வை அவன்முன் வைத்தவனை அது அளப்பதில்லை.

இது வெறும் ஏட்டுச் சிக்கலன்று. 1982இல் நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவையா கதிர்வீச்சா என்று மருத்துவர்களிடம் கேட்கப்பட்டது. அறுவைக்குப்பின் முதல் மாதத்தில் 100 பேரில் 90 பேர் உயிரோடிருப்பர் என்று கேட்டவர்களுள் 100க்கு 84 பேர் அறுவையைத் தேர்ந்தனர். 10 பேர் இறப்பர் என்று கேட்டவர்களுள் அவ்வாறு தேர்ந்தவர் பாதிப்பேரே. கற்றவர் நிலையே இதுவானால், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் படிவத்தையும் பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு நடுங்கும் தாயின் நிலை என்ன? அவள் தன் மகனுக்காக முடிவெடுக்கிறாள் என்கிறோம். உண்மையில், அவளிடம் பேசியவர் முதலில் உச்சரித்த எண்ணே பாதி முடிவை எடுத்துவிட்டது.

ஆகவே இந்நூலை மனித அறிவின் இழிவைக் காட்டும் நூலாகப் படிப்பது போதாது. பேசுவோர்க்கு விதிக்கப்பட்ட கடமையாகவும் அதைப் படிக்க வேண்டும். மருத்துவரோ, ஆசிரியரோ, கடன் தருபவரோ, வீட்டின் மூத்தவரோ, யாராயினும் பிறர் வாழ்வைத் தொடும் ஒரு கணக்கைச் சொல்லும்போது பிழைப்போரையும் சொல்லட்டும், இறப்போரையும் சொல்லட்டும். பேற்றையும் இழப்பையும் ஒரே மூச்சில் வைக்கட்டும். கேட்பவரும் சொல்லப்பட்ட வாக்கியத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். இழப்பின் எடையை நம் நெஞ்சிலிருந்து நீக்க இயலாது. ஆனால் தராசின் இரு தட்டுகளையும் வெளிச்சத்தில் வைக்க இயலும். கானமன் அந்த வேலையைப் பாதியில் விட்டார். எஞ்சிய பாதி நம்முடையது.