தனித்து நிற்கும் ஏடு இனியும் வேண்டுமா?

கைப்பேசியில் நொடிதோறும் செய்திகள் வந்து குவியும் இந்நாளில், எவர் ஆதரவையும் சாராமல் ஒரு சிற்றேட்டை நடத்துவதால் ஆவது என்ன? நண்பர் சிலர் நம்மிடம் இவ்வாறு வினவுகின்றனர். இது பரிகாசமன்று, தாள் விலையும் அச்சுக்கூலியும் அறிந்தவர்கள் பரிவோடு கேட்பது. எனவே உணர்ச்சியை ஒதுக்கி வைத்து, வரலாற்றிடமே விடை கேட்போம்.

1898இல் கெய்ரோவில் ஸெய்யித் ரஷீத் ரிளா 'அல்மனார்' என்னும் ஏட்டைத் தொடங்கினார். தொடக்கத்தில் அதற்குச் சந்தாதாரர் மிகச் சிலரே. ஆயினும் 1935இல் அவர் மறையும் வரை அது நடந்தது. தக்லீத், தஸவ்வுஃப் ஆகியவை குறித்து அவர் எழுதியவற்றில் நமக்கு உடன்பாடில்லாதவை பல உண்டு. ஆனால் அவ்வேட்டில் வாசகர் வினாக்களுக்கு ஓர் இடம் இருந்தது. அதனை நாம் மதிக்கிறோம்.

போர்னியோத் தீவின் சம்பாஸ் என்னும் ஊரிலிருந்து, இமாம் முஹம்மது பஸ்யூனி இம்ரான் அவ்வேட்டுக்கு ஒரு வினா அனுப்பினார். முஸ்லிம்கள் ஏன் பின்தங்கினர்? பிறர் ஏன் முன்னேறினர்? இதுவே அவர் வினாவின் சாரம். ரிளா அதனை அமீர் ஷகீப் அர்ஸலானிடம் ஒப்படைத்தார். அப்போது ஐரோப்பாவில் வாழ்ந்த அர்ஸலான் எழுதிய விடை 'அல்மனா'ரில் வெளிவந்து, 1930இல் நூலாகி, பல மொழிகளுக்கும் சென்றது. வினவியவர் கீழ்த்திசைத் தீவொன்றில். விடையளித்தவர் மேலை நாட்டில். இருவரையும் இணைத்தது கெய்ரோவின் ஓர் ஏடு. சந்தாக் கணக்கை மட்டும் பார்த்து முதலாண்டிலேயே அதனை மூடியிருந்தால், அந்த இமாம் தம் வினாவை எங்கே அனுப்பியிருப்பார்?

நம் தமிழிலும் சான்றுகள் உண்டு. 1882இல் அறிஞர் சித்திலெப்பை இலங்கையில் 'முஸ்லிம் நேசன்' நடத்தத் தொடங்கி, கல்வியில் பின்தங்கியிருந்த சமுதாயத்தைத் தட்டி எழுப்பினார். 1887இல் மகுதூம் சாயபு சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' கண்டார். அது 1890க்கு மேல் நீடிக்கவில்லை. எனினும் அக்காலத்துச் சிங்கைத் தமிழர் வாழ்வை ஆராய்வோர் இன்றும் அதன் பக்கங்களையே புரட்டுகின்றனர். குறைந்த ஆயுள் குறைந்த பயனாகிவிடாது.

கைப்பேசிக் குழுக்கள் இப்பணியைச் செய்துவிடும் என்பார்க்கு நாம் கூறுவது இது. காலையில் வந்த கருத்து மாலைக்குள் புதைந்து போகிறது. ஆண்டுதோறும் பிறை பார்க்கும் இரவில் அதே சர்ச்சை அலிஃபிலிருந்து தொடங்குகிறது. சென்ற ஆண்டு யார் என்ன ஆதாரம் காட்டினார் என்று தேடி எடுப்பார் எவருமிலர். ஹதீஸ் என்று ஒன்று வருகிறது. அறிவித்தவர் பெயருமில்லை, நூலின் பெயருமில்லை. 'பலரும் அனுப்பியது' என்பது ஒருநாளும் இஸ்னாத் ஆகாது. ஏட்டில் எழுதுபவரோ பெயரும் தேதியும் இட்டுப் பொறுப்பேற்கிறார். அடுத்த மாதம் மறுக்கப்படுவதற்கும் இடம் தருகிறார்.

நம் மதரஸாக்களில் ஓதப்படும் கிதாபுகளை நினைத்துப் பாருங்கள். நடுவே மத்ன், அதனை விளக்கும் ஷரஹ், ஓரத்தில் ஹாஷியா. "இன்னவாறு ஆட்சேபிக்கப்பட்டால், நாம் இன்னவாறு கூறுவோம்" என்று, எதிர்ப்பவர் குரலையும் தம் பக்கத்திலேயே ஏற்றி வைத்தனர் முன்னோர். தமிழ் உரையாசிரியர்களும் வினாவை எழுப்பி, பிறர் உரையை எடுத்துக் காட்டி, அதன் பின்னரே தம் கருத்தை நிறுவினர். கருத்து வேற்றுமைக்கு அஞ்சாத மரபு நம்முடையது.

இவ்வளவும் கூறிய பின், நம்மையே குறை கூறாமல் விடுவது நீதியன்று. தனித்து நிற்கும் ஏடுகள் என்று சொல்லிக்கொள்பவை யாவும் தனித்து நிற்கின்றனவா? விளம்பரம் தந்தவரின் நூலுக்குப் புகழுரை; புரவலருக்கு வாழ்த்துப்பா; அவருடைய இல்லத் திருமணத்திற்கு இரண்டு பக்கம். ஆசிரியர் கருத்தை மறுத்து வந்த கடிதமோ மேசை அறையில் உறங்கும். இத்தகைய ஏடு நின்று போனால் சமுதாயத்துக்கு இழப்பில்லை. பணம் பெறாமை மட்டும் சுதந்திரமன்று. தன்னை மறுக்கும் எழுத்துக்கும் இடம் தரும் துணிவே சுதந்திரம்.

ஆகவே, நண்பர்களுக்கு நம் விடை இது. அத்துணிவு உள்ள வரை ஏடு வேண்டும். அது இல்லாதபோது அச்சுக்கூலியை மிச்சப்படுத்துவதே மேல். ஐயங்களைப் பள்ளிவாசலில் எழுந்து கேட்க நாணும் இளைஞர் நம் வீடுகளில் உள்ளனர்; கேட்க வாய்ப்பே பெறாத பெண்மக்களும் உள்ளனர். அவர்கள் வினாவைப் பொறுமையோடு ஏற்கும் இடம் நம்மிடையே இல்லையெனில், அவர்கள் வேறிடம் செல்வர். அங்கே விடையளிப்பவர் யார் என்று நாம் அறியமாட்டோம். வாசக நேயர்கள் சந்தா அனுப்புவதோடு நில்லாமல் வினாவும் அனுப்புவார்களாக. நாம் பிழைபட எழுதினால் அதனையும் எழுதுவார்களாக. அல்லாஹ் நம் எண்ணத்தைத் தூய்மையாக்குவானாக.