அரைச் சொட்டு

பியூரெட்டிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லி. அதையும் பாதியாக்கலாம். திருகை மயிரிழை திறந்தால் முனையில் சொட்டு திரளும். அது விழுவதற்குள் மூடிவிட்டு, குடுவையின் உட்சுவரில் ஒற்றி, வாஷ் பாட்டில் தண்ணீரால் கழுவி உள்ளே இறக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் இதைச் செய்துகாட்டியவர் பேராசிரியர் இல்லை, லேப் அசிஸ்டென்ட். இடது கை பியூரெட்டை வளைத்துத் திருகைப் பிடித்திருக்கும். வலது கை கூம்புக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். தவில்காரரின் இரண்டு கைகளும் தனித்தனி வேலை பார்ப்பதைக் கவனித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கெமிஸ்ட் வேலை ஒத்துவருமா என்று கேட்டுக்கொண்டு அவ்வப்போது யாராவது ஒரு பிள்ளை வருகிறது. (கெமிஸ்ட் என்றால் மெடிக்கல் ஷாப் வைப்பது என்று நினைத்துக்கொண்டு கூட வரும் மாமாக்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.) பிளஸ் டூ மார்க்கை நான் கேட்பதில்லை. சமன்பாடுகளை உருப்போட்டே முழு மார்க் வாங்கிவிடலாம். ஆக்சாலிக் அமிலத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை விட்டாயே, முதல் சொட்டு என்ன செய்தது என்று மட்டும் கேட்பேன்.

என்ன செய்யும்? கந்தக அமிலம் சேர்த்து, 60, 70 டிகிரிக்குச் சூடாக்கிய கரைசலில் அது நாவல்பழக் கறைபோல் நிற்கும். சுழற்றினாலும் சட்டென்று போகாது. அவசரக்காரன் முடிந்துவிட்டது என்று அளவை எழுதிவிடுவான். பொறுத்திருந்தால் கறை மெல்ல வெளுத்து மறையும். இரண்டாவது சொட்டு கொஞ்சம் சீக்கிரம் மறையும். அப்புறம் விழ விழக் காணாமல் போகும். வினையில் பிறந்த மாங்கனீசு அயனி அந்த வினையையே முடுக்கிவிடுகிறது. பெற்ற பிள்ளை வளர்ந்து கடையில் கைகொடுப்பது மாதிரி. கடைசியில் ஒரே ஒரு சொட்டில் குடுவை முழுக்க இளம் ரோஜா நிறம் வந்து நின்றுவிடும். அடர்ந்த நிறமுள்ள திரவத்தில் பிறையின் அடிப்பகுதி தெரியாது என்பதால் பியூரெட்டில் மேல்விளிம்பைப் பார்த்துப் படிக்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் லேபைத் தாண்டி வந்திருக்க மாட்டார்கள். முதல் சொட்டு ஏன் தயங்கியது என்று உறுத்தலோடு வீட்டுக்குப் போனவர்கள் கொஞ்சம் பேர். அவர்களோடு எனக்கு மேலே பேச இருக்கிறது.

படிகம் இன்னொரு சுகம். சுடச்சுட, இருப்பதிலேயே குறைந்த கரைப்பானில் கரைத்து, வடிகட்டி, அசைக்காமல் ஆற விட வேண்டும். பனங்கற்கண்டு காய்ச்சுகிறவர்கள் பாகுக்குள் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, தொடாமல் காத்திருக்கிறார்களே, அதே வித்தைதான். 1848இல் பாரிஸில் லூயி பாஸ்டர் சோடியம் அமோனியம் டார்ட்ரேட் படிகங்களை உற்றுப் பார்த்தபோது, இடக்கையும் வலக்கையும் போல இரண்டு வகை இருப்பது தெரிந்தது. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியல் ஆக்கினார். ஒன்றின் கரைசல் ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்பியது, மற்றது இடப்பக்கம். அவருக்கு அப்போது 25 வயது. அந்த உப்பு 27 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் இப்படிப் பிரிந்து படியாது, இரண்டும் கலந்த ஒரே படிகமாகிவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பார்த்திருந்தால் அவர் பொறுக்குவதற்கு ஒன்றும் இருந்திருக்காது!

கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் பிரபுல்ல சந்திர ராய்க்குக் கிடைத்தது அவர் தேடாத பொருள். பாதரசத்தின் மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றி வைத்திருந்தார். மஞ்சளாகப் படிகங்கள் படிந்தன. ஏதோ கார உப்பு என்றுதான் முதலில் எண்ணினார். இவ்வளவு அமிலத்துக்கு நடுவே கார உப்பு எப்படி வரும் என்பது பிறகு உறுத்தியது. அந்த உறுத்தலிலிருந்து வந்ததுதான் 1896இல் அவர் வெளியிட்ட மெர்குரஸ் நைட்ரைட். சாமர்த்தியசாலியாக இருந்தால் கழுவிக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கியிருப்பார்.

மற்ற விவரங்களை யாரும் சொல்வார்கள். பி.எஸ்சி.யோடு நின்றால் பெரும்பாலும் தரக்கட்டுப்பாட்டு லேபும் ஷிப்டும். எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி. போக வேண்டுமென்றால் ஜாம் தேர்வு, ஆராய்ச்சிக்கு நெட். பாதி நாள் ஹெச்.பி.எல்.சி. இயந்திரத்தின் முன்னால் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிரிடின் கையாண்ட நாளில் மீன் கவிச்சி மாதிரி ஒரு நாற்றம் பஸ்ஸில் கூடவே வரும். இதெல்லாம் பழகிவிடும்.

எனக்குப் பழகாதது வேறு. படித்து முடித்து ஒரு சோப்புத் தொழிற்சாலையில் ஷிப்ட் கெமிஸ்ட் ஆனேன். சோப்பில் மிஞ்சி நிற்கும் காரத்தை அளப்பது அன்றாட வேலை: ஆல்கஹாலில் கரைத்து, பினாப்தலீன் விட்டு, இளஞ்சிவப்பு மறையும்வரை அமிலம் சேர்க்க வேண்டும். ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு முதல் அளவு 1.8 வந்தது, இரண்டாவது 2.3. இரண்டு அளவுகள் ஒத்துப்போகிறவரை செய்ய வேண்டும் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். கண் சொருகியது. மூன்றாவதைச் செய்யாமலே 1.8 என்று எழுதி, 2.3ஐ விட்டுவிட்டேன். யாரும் கேட்கவில்லை. அந்த சோப்பு யார் கையையாவது அரித்ததா என்றும் தெரியாது. ஆனால் பக்கத்து ஷிப்டில் ஒருவர் இருந்தார். அளவு ஒத்துவராத ராத்திரிகளில்தான் அவர் முகம் தெளியும். பிப்பெட்டைக் கழுவுவார், புது மாதிரி எடுத்து வருவார், அடுத்த ஷிப்ட் ஆள் வந்த பிறகும் கிளம்ப மாட்டார். எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது படிப்பு இல்லை. மறு வருஷம் வேலையை விட்டேன்.

கச்சேரிக்குப் போகிறவனெல்லாம் பாடவா செய்கிறான்? இன்றும் காலையில் கண்ணாடி டம்ளரில் பால் விடாத டீயை ஊற்றி, எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். செங்காவி இளகிப் பொன்னிறமாகிற அந்தச் சொட்டு எது என்று பிடிக்கப் பார்ப்பேன். வலது கை தானாக டம்ளரைச் சுழற்றும்.

“குடிக்கப் போறீங்களா, இல்ல சுத்திக்கிட்டேதான் இருக்கப் போறீங்களா?” என்கிறாள் வீட்டுக்காரி.