யாருக்கு எந்த ஃபோல்டர்?

ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டி இருக்கும் கல்லூரிகளில் பல, தோல் வணிகர்களின் கொடையால் எழுந்தவை. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இலும், மேல்விசாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இலும் தொடங்கின. இன்று இந்த வட்டாரத்தில் பி.சி.ஏ.வோ பி.எஸ்சி. கணினி அறிவியலோ இல்லாத கலைக் கல்லூரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாடம் இருந்தால் லேப் இருக்கும். லேப் இருந்தால் ஒரு சர்வர், அதில் எல்லோரும் புழங்கும் ஒரு ஃபோல்டர்.

அந்த ஃபோல்டருக்குள் யார் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம், எதை அழிக்கலாம் என்பதை முறைப்படுத்துவதுதான் அணுகல் கட்டுப்பாடு. தமிழ்நாட்டின் பல ஆய்வகங்களில் இதற்குக் கிடைத்திருக்கும் விடை மிக எளிது: ‘ஸ்டூடன்ட்’ என்று ஒரே பயனர் பெயர், கரும்பலகையின் மூலையில் எழுதிப்போட்ட ஒரே பாஸ்வேர்டு. விளைவும் எளிதுதான். முதல் வரிசையில் எழுதிய ஜாவா புரோகிராம் பத்து நிமிடத்தில் கடைசி வரிசைக்காரரின் ரெக்கார்டு நோட்டில் ஏறிவிடும். பிராக்டிகல் தேர்வுக்கு முதல் நாள் யாரோ ஒருவர் ஒரு வகுப்பின் ஃபோல்டரையே அழித்துவிட்டால், சர்வரின் பதிவேட்டில் ‘ஸ்டூடன்ட் அழித்தார்’ என்றிருக்கும். அந்த வகுப்பில் உள்ள அறுபது பேருமே ஸ்டூடன்ட்தான்.

இதற்கு மாற்று புதிதல்ல. கோப்பின் உரிமையாளர், அவர் சேர்ந்த குழு, மற்றவர்கள் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் படிக்க, எழுத, இயக்க உரிமை தரும் யூனிக்ஸ் முறைக்கு வயது ஐம்பதுக்கு மேல். ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992இல் தொடங்கிய சாம்பா மென்பொருள், லினக்ஸ் சர்வரையும் விண்டோஸ் கணினிகளையும் இலவசமாகவே பேசவைத்தது. ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலைக்குத் தேவையான அளவு உரிமை போதும், கூடுதலாக வேண்டாம் என்ற கொள்கையை ஜெரோம் சால்ட்ஸரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இலேயே கட்டுரையாக எழுதிவைத்தார்கள். ஆளுக்கொரு கணக்கு, வகுப்புக்கொரு குழு, ஆசிரியரின் பாடக்குறிப்புகளைப் படிக்க மட்டும் அனுமதி என்று அமைக்க ஒரு லேப் அசிஸ்டென்ட்டுக்கு ஒன்றிரண்டு நாள் வேலை.

காப்பியடிப்பதைத் தடுப்பதுதான் இதன் பெரிய பலன் என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன. அது சின்னப் பலன். காப்பியடிக்க நினைப்பவருக்கு வாட்ஸ்அப் இருக்கிறது. பெரிய பலன், சேதம் ஓர் எல்லைக்குள் நிற்பது. ஒரு மாணவரின் பென்டிரைவில் வந்த ரான்சம்வேர், அந்த மாணவருக்கு எழுத அனுமதியுள்ள கோப்புகளைத்தான் பூட்ட முடியும். பொதுக்கணக்குக்கு எல்லா இடத்திலும் எழுத அனுமதி இருந்தால் எல்லாமே போகும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டு, நோயாளிச் சீட்டை மறுபடி கையால் எழுத வேண்டி வந்தது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, வலைப்பின்னல் சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று பின்னர் நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. லேப் சிறியது என்றாலும், பிரித்து வைக்காததன் விலை ஒரே மாதிரிதான்.

இனி இந்த முறையின் குறைகள். முதல் குறை, மேசைமேல் இருக்கும் கணினியை சர்வர் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது. லினக்ஸ் லேப்களில் பரவலாக உள்ள என்.எஃப்.எஸ். என்ற கோப்புப் பகிர்வு முறையில், வழக்கமான அமைப்பில் சர்வர் பாஸ்வேர்டு கேட்பதில்லை. ‘நான் 1005ஆம் எண் பயனர்’ என்று கணினி சொன்னால் சரி என்று கதவைத் திறந்துவிடும். ஒரு மாணவர் தன் பென்டிரைவில் உள்ள லினக்ஸிலிருந்து கணினியை இயக்கினால், அதில் அவர்தான் ராஜா. நண்பரின் எண்ணில் ஒரு கணக்கை உருவாக்கிக்கொண்டால் நண்பரின் கோப்புகள் கைக்கு வந்துவிடும். ‘ரூட் ஸ்குவாஷ்’ என்ற காப்பு நிர்வாகியின் பெயரில் வருபவரைத்தான் தடுக்கும். 1005ஆக வருபவரை அதற்கு அடையாளம் தெரியாது. இந்தத் தலைவலி பிறந்ததும் ஒரு வளாகத்தில்தான். எம்.ஐ.டி.யில் 1983இல் தொடங்கிய அதீனா திட்டத்தில், மாணவர் கையில் விட்ட கணினியை நம்ப முடியாது என்று தெரிந்தபின்தான் பயனரைச் சரிபார்த்துச் சீட்டு தரும் கெர்பரோஸ் முறை உருவானது. விண்டோஸ் 2000 முதல், பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரிக்குள் இருப்பதும் அதுவே. டொமைன் அமைத்த விண்டோஸ் லேப்கள் இதைத் தெரியாமலே பயன்படுத்துகின்றன. லினக்ஸ் லேப்களில் யாராவது உட்கார்ந்து அமைக்க வேண்டும், பலர் அமைப்பதில்லை. குறைந்தபட்சம் பயாஸில் பாஸ்வேர்டு போட்டு, பென்டிரைவிலிருந்து இயங்குவதையாவது நிறுத்தலாம்.

அடுத்தது, விடைகளைச் சமர்ப்பிக்கும் ஃபோல்டர். போடலாம், பட்டியலைப் பார்க்க முடியாது என்று அதை அமைப்பது வழக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லினக்ஸில் பட்டியல் தெரியாவிட்டாலும், கோப்பின் பெயர் தெரிந்தால் அதைத் திறந்துவிடலாம். புதிதாக உருவாகும் கோப்பை மற்றவர்கள் படிக்கலாம் என்பதுதான் பல கணினிகளில் இயல்பான அமைப்பு. கோப்புக்கு என்ன பெயர் வைக்கச் சொல்கிறோம்? பதிவெண். பக்கத்து நாற்காலிக்காரரின் பதிவெண் நம் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் கிடைத்துவிடும்! மறைத்ததாக நினைத்தது மறையவில்லை; போட்டது ஒழுங்காகச் சேர்ந்ததா என்று மாணவரால் பட்டியலில் பார்க்கவும் முடியவில்லை.

இந்த ஓட்டைகளைவிடப் பெரியது மனிதர்கள் பக்கம் இருக்கிறது. தேர்வு நேரத்தில் கோப்பு திறக்கவில்லை என்று குரல் வந்தால், காரணம் தேட அவகாசமில்லாத அசிஸ்டென்ட் 777 என்று அடித்து எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடுத்துவிடுவார். தேர்வு முடிந்தபின் அதைத் திருப்பி மாற்ற யாருக்கும் நினைவிருக்காது. எதிர்முனையும் உண்டு. எதற்கெடுத்தாலும் அனுமதிக் கடிதம் கேட்டால், ஆசிரியர்களே பென்டிரைவுக்கும் சொந்த மின்னஞ்சலுக்கும் போய்விடுவார்கள். அப்புறம் சர்வரில் எவ்வளவு கட்டுப்பாடு இருந்தால் என்ன, கோப்புகள் அங்கே இல்லையே.

அணுகல் உரிமையால் ஆகாத காரியமும் உண்டு. 2017 மே மாதம் உலகைச் சுற்றிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், கோப்புப் பகிர்வு மென்பொருளிலேயே இருந்த ஓட்டை வழியாகப் பரவியது. மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே திருத்தம் வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணினியில் எந்தக் குழுப் பட்டியலும் உதவியிருக்காது. தனியே எடுத்துவைத்த பேக்கப் மட்டுமே கைகொடுத்திருக்கும்.

இந்த லேப்களில் படிப்பவர்களில் ஒரு பகுதியினர் பக்கத்து டேனரி, ஷூ கம்பெனி அலுவலகங்களில்தான் வேலைக்குச் சேர்கிறார்கள். அங்கே இதே கேள்வி பணமாக நிற்கிறது. வெட் ப்ளூ எனப்படும், குரோமில் பதனிட்ட தோலிலிருந்து ஒரு நிறத்தைக் கொண்டுவர எந்த ரசாயனம் எவ்வளவு, டிரம் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்ற ரெசிபி ஒரு காலத்தில் டெக்னீஷியனின் சட்டைப் பை நோட்டில் இருந்தது. அது எக்செல் கோப்பாகி அலுவலக சர்வருக்கு வந்தால், டெக்னீஷியன் திருத்தலாம், சூப்பர்வைசர் படிக்கலாம், ஸ்டோர்ஸ்காரருக்கு ரசாயன இருப்புக் கணக்கு போதும் என்று பிரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். மூன்று வருடம் ‘ஸ்டூடன்ட்’ என்ற பொதுக்கணக்கில் உட்கார்ந்து எழுந்தவருக்கு அப்படிப் பிரிக்கலாம் என்பதே தோன்றாது.

ஆக, ஆளுக்கொரு கணக்கு கட்டாயம் வேண்டும். நுணுக்கி நுணுக்கிப் போடும் தடைகள் வேண்டாம். எந்தக் குழுவில் யார் என்பதை அசிஸ்டென்ட் தலையில் கட்டாமல் பாட ஆசிரியர் தீர்மானிக்கட்டும். படிப்பை முடித்துப் போனவர்களின் கணக்குகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடப்பதைத் தடுக்கக் கல்லூரியிலேயே ஒரு வழி இருக்கிறது. டி.சி. வாங்கும் முன் நூலகம், விடுதி, லேப் என்று கையெழுத்து வாங்கும் நோ டியூஸ் படிவத்தில் ‘சர்வர் கணக்கு மூடப்பட்டது’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். வேலையை விட்டுப் போகும் ஆசிரியர்களின் படிவத்திலும் அதே வரி இருக்கட்டும். அடுத்த கல்வியாண்டுக்கான படிவம் அச்சுக்குப் போகும் முன் முதல்வர்கள் இதைச் செய்துவிடலாம்.