போடிமெட்டுச் சாலையில் ஒரு வரைபடத்தை ரசிப்பது எப்படி?

பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் சார்புகள் முதல் பாடத்திலேயே வந்துவிடுகின்றன. நேர்மாறு சார்பின் வரைபடம் வேண்டுமென்றால் ஆதிப்புள்ளி வழியே 45 டிகிரி சாய்வில் ஒரு கோடு போட்டு, அதில் மூல வரைபடத்தைப் பிரதிபலிக்கச் சொல்வார்கள். நாமும் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். மதிப்பெண் கிடைத்துவிடும், அழகுதான் கண்ணில் படாமல் போய்விடும். அதைக் கண்ணாரப் பார்க்க போடிநாயக்கனூருக்கு வாருங்கள். கையில் ஒரு பென்சிலும் ஒரு தாள் டிரேசிங் பேப்பரும் இருந்தால் போதும்.

போடியிலிருந்து கேரள எல்லையில் உள்ள போடிமெட்டு ஏறத்தாழ 26 கிலோமீட்டர். கொச்சி–தனுஷ்கோடி சாலை என்று அழைக்கப்படும் தேசிய நெடுஞ்சாலை இது. இடையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். சாலையை முதலில் ஊர்ப்படத்தில், அதாவது மேலிருந்து பார்ப்பதுபோல் பாருங்கள். மலைப்பகுதியில் அது மடிந்து மடிந்து தன் பக்கத்திலேயே திரும்பி வருகிறது. அந்தப் படத்தின் மேல் நேராக ஒரு செங்குத்துக் கோடு இழுத்தால், சாலையை அது பல இடங்களில் வெட்டும். செங்குத்துக் கோட்டுச் சோதனையில் தோற்பது என்றால் இதுதான். ஒரு கிடைமட்ட இடத்துக்கு ஒரே ஒரு விடை கிடைக்காத இந்த வளைகோடு சார்பு ஆகாது.

இப்போது அதே சாலையை வேறு விதமாக வரையுங்கள். கீழ் அச்சில் போடியிலிருந்து கடந்த தூரம், பக்க அச்சில் கடல் மட்டத்திலிருந்து உயரம். அத்தனை வளைவுகளும் மாயமாகி, ஒற்றைக் கோடு மேலே போகிறது. போடி சுமார் 350 மீட்டரில் இருக்கிறது. குரங்கணிக்குப் பிரியும் முந்தல் வரை கோடு ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். முந்தல் தாண்டியதும் தலைதூக்கி, போடிமெட்டில் 1,300 மீட்டருக்கு மேல் போய் நிற்கும். எந்தக் கிலோமீட்டரைக் கேட்டாலும் ஒரே ஓர் உயரம். சாலை மாறவில்லை, அதனிடம் நாம் கேட்ட கேள்வி மாறியது, உடனே அது சார்பு ஆகிவிட்டது. வரைபடத்தை ரசிக்கப் பழகுகிறவர்கள் எப்போதும் முதலில் அச்சுகளில் எழுதியிருப்பதைத்தான் படிக்க வேண்டும். கோட்டின் நெளிவுசுளிவு எல்லாம் அப்புறம்.

இனி கேள்வியைத் திருப்புவோம். ஏலச்செடிக்கு சுமார் 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரம் வேண்டும். (உயரம் மட்டும் போதாது. மழை மறைவான கிழக்குச் சரிவில் வெயில் காயும். மெட்டைத் தாண்டி மேற்கே போனால்தான் ஏலக்காட்டின் ஈரமும் நிழலும்.) அந்த 600 மீட்டர் சாலையில் எந்தக் கிலோமீட்டரில் வருகிறது? உயரத்தைக் கொடுத்துத் தூரத்தைக் கேட்கிறோம். இதுதான் நேர்மாறு சார்பு. இதற்கு வரைபடம் புதிதாகப் போட வேண்டியதில்லை. டிரேசிங் பேப்பரில் வரைந்ததை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள், பிறகு தாளைப் புரட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கம் வழியாகப் பாருங்கள். உயரம் கீழ் அச்சுக்கு வந்திருக்கும், தூரம் பக்க அச்சுக்குப் போயிருக்கும். 45 டிகிரிக் கோட்டில் பிரதிபலிப்பது என்று புத்தகம் சொல்வதைக் கை செய்து முடித்துவிட்டது.

அந்தப் புதிய கோட்டில் கொஞ்ச நேரம் கண்ணை ஓட்டுங்கள். முந்தல் வரை படுத்துக் கிடந்த பகுதி இப்போது செங்குத்தாக நிமிர்ந்திருக்கும். மூச்சு வாங்கும் மலையேற்றம் இங்கே மெதுவான சரிவாகிவிடும். சமவெளியில் சிறிய உயர வித்தியாசத்துக்குள் பல கிலோமீட்டர் அடங்கியிருப்பதால் இப்படி. மூலத்தில் சரிவு ஐந்தில் ஒன்று என்றால் நேர்மாறில் சரிவு ஐந்து.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மலையிலிருந்து இறங்கும் பேருந்தின் பயணம்தானே நேர்மாறு என்று தோன்றும். வரைந்து பார்த்தால் குழப்பம் தீரும். போடிமெட்டிலிருந்து தூரத்தை அளந்து உயரத்தை வரைந்தால், பழைய கோடு இடம் வலம் மாறி நிற்கும். பாதி வழியில், 13-ஆவது கிலோமீட்டரில் ஒரு செங்குத்துக் கண்ணாடி வைத்ததுபோல. இதுவும் பிரதிபலிப்புதான், ஆனால் கேள்வி பழையதே: தூரம் கொடுத்து உயரம் கேட்கிறோம். அச்சுகள் இடம் மாறினால்தான் அது நேர்மாறு.

நேர்மாறின் பயனுக்கு என் மனதுக்கு மிகவும் பிடித்த உதாரணம் கொதிநீர். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். தண்ணீரின் கொதிநிலையும் சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் இறங்கும். போடிமெட்டு டீக்கடையில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். இதைத் திருப்பிப் போட்டால் உயரமானி தயார்: கொதிநிலையை அளந்து, எத்தனை மீட்டரில் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். 1866-இல் லாசாவுக்குள் மாறுவேடத்தில் நுழைந்த நில அளவையாளர் நயின் சிங் ராவத் அந்நகரின் உயரத்தை இப்படித்தான் கணித்தார். ஆனால் புரட்டியதும் சரிவு செங்குத்தாகிவிடுகிறதே. வெப்பமானியில் ஒரு டிகிரி பிசகினால் உயரத்தில் 300 மீட்டர் பிசகு. பத்தில் ஒரு பங்கு டிகிரி தவறினாலும் 30 மீட்டர். வரைபடத்தில் நேர்மாறின் செங்குத்தைக் கண்ட கண்ணுக்கு, அளவையாளர்களுக்கு ஏன் அவ்வளவு நுட்பமான வெப்பமானி தேவைப்பட்டது என்பது சொல்லாமலே விளங்கும்.

எல்லாவற்றையும் புரட்ட முடியுமா என்றால், முடியாது. அதற்குச் சாட்சி ஏலக்காய் விலை. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் நடக்கிறது. நாள் சொன்னால் அன்றைய சராசரி விலை சொல்லலாம், அது சார்பு. விலை சொன்னால் நாள் சொல்ல முடியுமா? 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் அதிகபட்சமாகக் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட விலை, 2022-இல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. ஆயிரம் ரூபாய் என்ற உயரத்தில் ஒரு கிடைமட்டக் கோடு போட்டால் ஏறும்போதும் வெட்டும், இறங்கும்போதும் வெட்டும். எனவே நேர்மாறு சார்பு இல்லை. விலை ஏறிக்கொண்டே போன ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் அதற்குள் நேர்மாறு உண்டு. சார்பகத்தைக் கட்டுப்படுத்துவது என்று வகுப்பில் சொல்வது இதைத்தான்.

கடைசியாக ரயில் நிலையத்துக்கு வாருங்கள். 2010 இறுதியில் நின்றுபோன மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதையாகி 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூனில் போடி வரையும் வந்து சேர்ந்தது. மதுரையிலிருந்து புறப்படும் ரயிலுக்கு நேரத்தைக் கீழேயும் தூரத்தைப் பக்கத்திலும் வைத்துக் கோடு போடுங்கள். ஓடும்போது கோடு சாய்ந்து ஏறும். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று நிற்கும் இடங்களில் கொஞ்சம் படுக்கும். எதிர்த்திசை ரயிலின் கோடு இறங்கி வரும். இது ஒற்றை வழித்தடம் என்பதால் அந்த இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரு நிலையமாக இருந்தே தீர வேண்டும்.

தாளைப் புரட்டி, ஊரைக் கொடுத்து நேரத்தைக் கேளுங்கள். படுத்திருந்த துண்டுகள் செங்குத்தாக நிமிரும், சோதனையில் தோற்கும். உசிலம்பட்டிக்கு ஒரே நேரம் இல்லை. ரயில் நின்ற நிமிடங்கள் எல்லாமே அதற்கு விடை. அதனால்தான் கால அட்டவணையில் நடுவழி ஊர்களுக்கு வருகை, புறப்பாடு என்று இரண்டு நேரங்களையும், போடிக்கு வருகை நேரத்தை மட்டும் அச்சிடுகிறார்கள்.